நித்திரைக் குளிசையும் கல்முனைக் கரையும்

2004 டிசம்பர் 26 ஆந் திகதி கடல் ஊருக்குள் புகுவதற்கு முன்னர் எங்கள் வீட்டில் நித்திரைக்கென எவரும் குளிசை உட்கொண்டதில்லை. அதன்பின் என் சாச்சி பதினோர் ஆண்டுகள் உட்கொண்டார். சாய்ந்தமருதுக் கரையில் கணவரையும் மகளையும் இழந்து, அகதி முகாமாகிவிட்ட பாடசாலையொன்றில் விழித்தபடியே கிடந்த அவருக்கு, கடதாசி உறையொன்றில் ஐந்து டயசிபாம் குளிசைகள் கொடுக்கப்பட்டன. கொடுத்தவரைக் குறைகூறுவது என் நோக்கமன்று. அம்பாறை மாவட்டத்தில் மாத்திரம் பத்தாயிரத்துக்கும் அதிகமானோர் மாண்டனர். இலங்கையில் வேறெந்த மாவட்டமும் அத்தனை உயிர்களை இழக்கவில்லை. ஓரிரவேனும் உறங்கட்டும் என அவர் கருதியது இயல்பே. ஆயின் அக்குளிசைக்கு ஒரு வரலாறு இருந்தது. உறையில் அது எழுதப்பட்டிருக்கவில்லை.

1903 இல் தோன்றிய வெரோனல் தொடக்கம் அரை நூற்றாண்டுக்கு மேலாக பாபிற்றியூரேற்று வகை மருந்துகளே உறக்கத்துக்குப் பெரிதும் வழங்கப்பட்டன. அவற்றில் பயன்தரும் அளவுக்கும் உயிர்போக்கும் அளவுக்கும் இடையேயுள்ள தூரம் மிகக் குறுகியது. எனவே லியோ ஸ்ரேண்பாக் கண்டறிந்த லிப்ரியம் 1960 இலும், வேலியம் எனப்பட்ட டயசிபாம் 1963 இலும் வெளிவந்தபோது மருத்துவ உலகம் அவற்றை இருகரம் நீட்டி வரவேற்றது. தனித்து உட்கொண்டால் உயிரைப் பறிப்பது அரிதாகையால், அடிமைப்படுத்தவும் மாட்டாது எனப் பலர் துணிந்தனர். உண்மையில், 1961 இலேயே ஹொலிஸ்ரர் என்பார், லிப்ரியத்தைப் பேரளவிற் பெற்றோர் திடீரென நிறுத்தியபோது எய்திய நடுக்கத்தையும் வலிப்பையும் எடுத்துக்காட்டியிருந்தார். கேட்டவர் சிலரே. அமெரிக்காவில் 1969 முதல் 1982 வரை மருத்துவர் மிக அதிகமாக எழுதிய மருந்து வேலியமே.

1982 இல் இங்கிலாந்தின் நியூகாசில் நகரில் பேராசிரியர் ஹெதர் அஷ்ரன் இம்மருந்துகளை விட முயல்வோர்க்கெனத் தனிக் கிளினிக் ஒன்றை ஆரம்பித்தார். மருத்துவர் சொற்படி சாதாரண அளவில் உட்கொண்டோரும் சிக்கியிருந்ததை அவர் அங்கே கண்டார். 1988 இல் பிரித்தானிய மருந்துப் பாதுகாப்புக் குழு, இவற்றை இரண்டு முதல் நான்கு வாரங்களுக்கு மேல் வழங்கலாகாதென அறிவித்தது.

எமது நாட்டில் 1971 இல் சேனக பிபிலேயின் முயற்சியால் எழுந்த அரச மருந்துக் கூட்டுத்தாபனம், வணிகப் பெயர்களை ஒதுக்கிப் பொதுப்பெயரால் மருந்து வழங்கும் கொள்கைக்கு வழிகோலியது. ஏழைக்கும் மருந்து எட்டியது பெரும்பேறு. மருந்தோடு வரவேண்டிய அறிவு மாத்திரம், என் கணிப்பில், தமிழில் எங்கள் கரைக்கு வந்து சேரவில்லை.

2013 இல் உலக சுகாதார நிறுவனம், உறவினரை இழந்தோர்க்கு, உளநோய் எதுவும் இல்லாதவிடத்து, இவ்வகை மருந்தைக் கொடுக்கலாகாதென நெறிப்படுத்தியது. சாச்சிக்கு அது ஒன்பதாம் ஆண்டு. பழைய துண்டைக் காட்டிக் குளிசை வாங்கிவருவது அதற்குள் எங்கள் வீட்டு வழக்கமாகிவிட்டிருந்தது.

மறு ஆண்டில் ஒரு வாரம் குளிசை கிடைக்கவில்லை. சாச்சியின் கைகள் நடுங்கின. மூன்று இரவுகள் கண்மூடவில்லை. கதவடியில் கடல் இரைவதாகச் சொன்னார். பழைய துயரமே திரும்பியதென நாங்கள் நம்பினோம். மருந்து பற்றும் இடம் மூளையில் உண்டென்பது 1977 இலேயே கண்டறியப்பட்டது. மூளை அம்மருந்துக்குப் பழகியபின் அதைத் திடீரென விலக்கினால், அடங்கியிருந்த அச்சம் முன்னிலும் பெருகி எழும் என்பதை நாங்கள் அறியோம். பின்னர் பார்த்த மருத்துவர் ஒருவரே அதை விளக்கிச் சொன்னார். அவர் சொற்படி, குளிசையைக் கால் கால் பங்காகக் குறைத்து முற்றாக நிறுத்தப் பதினான்கு மாதங்கள் சென்றன.

அந்நாட்களில் ஒருநாள் சாச்சி கேட்டார்: “இத்தாவுக்கு நாலு மாதம் பத்து நாள் என்று கணக்கிருக்கு, மகன். இந்தக் குளிசைக்கு என்ன கணக்கு?”

இப்போதும் சில இரவுகளில் அவருக்கு நித்திரை வருவதில்லை. அப்போது எழுந்து, விளக்கைப் போட்டுக்கொண்டு, பாதியில் விட்ட பன்பாயை எடுத்துப் பின்னத் தொடங்கிவிடுகிறார்.