வேலியோரக் குன்றியும் அம்பிகையின் அணியும்



கரிசற் பூமி என்றவுடன் பருத்தியும் கம்பும் நினைவிற்கு வருமேயன்றிப் பொன்னணி நினைவிற்கு வருவதில்லை. கோவிற்பட்டியினின்றும் எட்டயபுரத்திற்கோ கழுகுமலைக்கோ செல்லும் வழியில் இருமருங்கும் நாம் காண்பன உடைமுள்ளும் எருக்கும் தும்பையும் ஊமத்தையுமே. பயனற்ற பாழ்நிலம் என்று அவற்றைக் கழிப்பாரும் உளர். எம்பெருமான் தன் சடைக்கு உகந்து கொண்ட மலர்கள் அவையே என்பதைச் சைவர் மறத்தலாகாது. பூவனநாதர் திருக்கோயிலின் தலமரமும் முட்செடியாகிய களாவே என்பர். பொற்கொல்லரும் தம் தொழிற்குரிய பெயர், வடிவு, நிறை ஆகியவற்றுட் பலவற்றை இத்தகைய இடங்களினின்றே கொண்டனர்.

முதற்கண் சொற்களை நோக்குக. குழை என்பது தளிர். தோடு என்பது பூவிதழ், பனையோலையுமாம். ஓலையைச் சுருட்டிக் காதிலிட்ட வழக்கமே பின்னர்ப் பொன்னோலையாக வளர்ந்தது. அம்மையப்பனாகிய இறைவன் ஒரு செவியிற் குழையும் மறு செவியில் தோடும் உடையன். அவன் பூணும் பாம்பின் படமோ, நம் கரிசற்காட்டு மூதாட்டியர் காதில் பாம்படமாகத் தொங்கிற்று. உருண்டையும் சதுரமும் கூடிய அவ்வணியை அருகிருந்து காண்பார்க்குப் பாம்பு எளிதிற் புலப்படாது. உள்ளே அரக்கை நிரப்பி மேலே மெல்லிய பொற்றகட்டைப் போர்த்துச் செய்தமையால், பெரிய வடிவிற்கும் சிறிதளவு பொன்னே போதுமாயிற்று. வானம் பார்த்து உழுவார் கைக்கு எட்டுவது அவ்வளவே.

இனி, நிறை. வேலியோரக் கொடியிற் காய்க்கும், சிவந்த உடலும் கருங்கண்ணும் உடைய குன்றிமணியே பண்டைத் தட்டாரின் எடை. 2 குன்றி 1 மஞ்சாடி. 20 மஞ்சாடி 1 கழஞ்சு. மஞ்சாடியும் ஒரு மரத்தின் செவ்விதையே. கழஞ்சு என்பதோ முட்புதரிற் காய்க்கும் கழற்சிக்காய். "குண்டுமணித் தங்கம்கூட இல்லை" என்று நம் பெண்டிர் இன்றும் கூறுவது இவ்வழக்கின் எச்சமாகும்.

இப்புதர் விதைகள் பேரரசன் திருக்கோயிலிலும் இடம்பெற்றன. முதலாம் இராசராசன் 1010-ஆம் ஆண்டளவில் நிறைவித்த தஞ்சைப் பெருவுடையார் கோயிற் கல்வெட்டுக்களைக் காண்க. பொன் ஆடவல்லான் என்னும் கல்லாலும், அணிகலன்கள் தட்சிணமேருவிடங்கன் என்னும் கல்லாலும் நிறுக்கப்பட்டன. ஒவ்வோர் அணியும் இத்தனைக் கழஞ்சு, இத்தனை மஞ்சாடி, இத்தனைக் குன்றி என்று குறிக்கப்பட்டது. முத்துக்கள் வட்டம், அனுவட்டம், ஒப்புமுத்து, குறுமுத்து எனப் பிரித்து எண்ணப்பட்டன. குற்றமுள்ள மணியைக் குற்றமுள்ளது என்றே எழுதிவைத்தனர். இறைவனுக்கு ஈந்த பொருளிற் குறையை மறைக்காத அந்நேர்மை என்னை மிகவும் கவர்வது. அவ்வணிகள் காலத்தால் மறைந்தன; கல்வெட்டு நிற்றலால் அவற்றின் நிறையேனும் நாம் அறிவோம்.

நம் பக்கத்தில் அவ்வாறு நிகழவில்லை. 1963-ஆம் ஆண்டில் பொற்கட்டுப்பாட்டு விதிகள் வந்து, 14 காரட்டிற்கு மேற்பட்ட புதிய நகை செய்தல் தடையுற்றபோது தட்டார் பலர் பிழைப்பிழந்தனர். அதற்குச் சில ஆண்டுகள் கழித்து என் பாட்டியாரின் பாம்படம் தமக்கையின் திருமணத்திற்காக உருக்கப்பட்டது. அதன் நிறை எத்தனைக் குன்றி, செய்தவர் எவ்வூரார் என்பவற்றை ஒருவரும் குறித்துவைத்திலர். யானும் கேட்டிலேன். மடத்தில் நன்னூற் பாடம் கேட்டுக்கொண்டிருந்த எனக்கு அப்போது சொல்லிலக்கணமே பெரிதாயிருந்தது.

குடமுழுக்கை ஒட்டி அம்பிகைக்குப் புதிய அணி செய்தற்பொருட்டு அன்பர்கள் பழைய குடும்ப நகைகளை மனமுவந்து அளிப்பது வழக்கம். அக்கொடையைக் குறைகூற யான் வரவில்லை. உலையிலிடுமுன் ஒவ்வொன்றின் பெயர், வடிவு, நிறை, வந்த ஊர் ஆகியவற்றை எழுதி, ஒரு நிழற்படமும் எடுத்துக் கோயில் ஏட்டிற் சேர்க்குமாறு அறங்காவலரை வேண்டுகின்றேன். பாம்படம் ஓர் இணை வருமாயின் அதனை உருக்காது அம்மையின் உடைமையாகவே பேணலாம். கிராமில் எடையெழுதுவார் பக்கத்திற் குன்றிக் கணக்கையும் எழுதுக. குன்றிமணிக்கு எங்குச் செல்வது என்று மயங்க வேண்டா. சீமைக்கருவேல் மூடாத ஊருணிக்கரை வேலிகளில் அஃது இன்னும் காய்க்கின்றது.