கல்கத்தாவின் யோகிகளும் மார்சேயின் வளைவலையும்

மூளை மின்னலை ஆய்வின் வரலாற்றில் கல்கத்தாவின் பெயர் பெரும்பாலும் ஒரு கட்டுரையோடு சேர்த்தே நினைக்கப்படுகிறது. கல்கத்தா உடலியலாளர் என். என். தாஸும், மார்சே நகரின் வலிப்புநோய் வல்லுநர் ஆன்றி கஸ்தோவும் எழுதிய அது 1957இல் அச்சேறியது. கிரியா யோகம் பயின்ற ஏழு பேரின் தியானமே ஆய்வுப்பொருள். ஆழ்ந்த நிலையில் அலைகள் தணியும் என்று எதிர்பார்ப்பது இயல்பு. அவர்களோ நொடிக்கு 40 வரை செல்லும் விரைவலைகளை அறிவித்தனர். 1961இல் தில்லி ஆனந்த் குழுவினர் கண்டது வேறு: நீடித்த ஆல்ஃபா அலை. முடிவு எதுவாயினும், கல்கத்தா ஆய்வின் முறை இன்றும் மதிக்கத்தக்கது. மூளையோடு இதயத்தையும் தசைகளையும் அவர்கள் சேர்த்தே பதிந்தனர். தசைத் துடிப்பு மூளையலையின் வேடத்தில் வரக்கூடும் அல்லவா!

அலையைப் படிக்க உடலையும் அறியவேண்டும் என்பது கஸ்தோவுக்குப் புதிதன்று. 1952இல் அவர் ஓர் அலையை விவரித்திருந்தார். உச்சந்தலையின் இருபுறமும், இயக்கத்தையும் தொடுவுணர்வையும் ஆளும் புறணிமேல், நொடிக்கு ஏறத்தாழ 7 முதல் 11 வரை எழுவது அது. கண் திறந்தால் ஆல்ஃபா மறையும், இது மறையாது. எதிர்ப்பக்கக் கையை இறுக மடக்கினால் மறையும். அசைக்க எண்ணினாலே மறைவதும் உண்டு. 1954இல் கஸ்தோவும் பெர்த்தும் திரைப்படம் காட்டிச் சோதித்தபோது, அசையாது அமர்ந்து குத்துச்சண்டைக் காட்சியைப் பார்த்தவர்களிடமும் அது மறைந்தது.

பிரெஞ்சில் அவர் இட்ட பெயர் 'ஆர்சோ', அதாவது சிறுவளைவு. பின்னர் நிலைத்தது கிரேக்க எழுத்தான 'மியூ'. இரண்டும் வடிவத்தைச் சொல்கின்றன, தொழிலைச் சொல்லவில்லை. இடர் இங்கேதான். ஒருபுறம் உருண்டு மறுபுறம் கூர்த்திருக்கும் அவ்வலை, அனுபவமற்ற கண்ணுக்கு வலிப்புக் கூரலையாகவே படும். ஒரு பக்கத்தில் மட்டும் தோன்றினால் ஐயம் வலுக்கும். மண்டையோட்டில் அறுவைசிகிச்சைத் திறப்பு இருந்தால் அங்கே அலை மேலும் ஓங்கித் தெரியும். ஆனால் மியூ நோயின் குறியன்று. நலமுள்ளோரிடமும் காணும் இயல்பலை.

இந்தப் பிழைவாசிப்பின் விலை இந்தியாவில் மருந்தோடு முடிந்ததில்லை. மீண்டும் மீண்டும் வரும் வலிப்பைக் காட்டித் திருமணத்தைச் செல்லாததாக்கக் கோரும் வழி, இந்துத் திருமணச் சட்டத்தில் 1999ஆம் ஆண்டின் திருத்தம் வரை இருந்தது. அதற்கு எதிரே நிற்கும் சோதனையோ மிக எளியது: பதிவு ஓடும்போதே நோயாளியைக் கை மடக்கச் சொல்வது. அப்போது கேட்கத் தவறினால், பிறகு தாளை எத்தனை முறை புரட்டினாலும் ஐயம் முழுதும் தீர்வதில்லை.