பொன்ஜீன் ஆண்டகையின் கல்விக் கொள்கையும் மலையகமும்

இலங்கைக் கல்வி வரலாற்றை ஆராய்வோருள் ஒருசாரார் பொன்ஜீன் ஆண்டகையைச் சமயப் பாடசாலைகளின் காவலரெனப் போற்றுவர். மறுசாரார் கல்வியைச் சமயவாரியாகக் கூறுபடுத்தியவரெனக் குறைகூறுவர். மலையகத் தோட்டத்து லயத்தில் நின்று நோக்கின், இவ்விரு முடிபுகளும் முழுமையற்றவை என்பது புலனாகும்.

பிரான்சின் ரியோம் நகரில் 1823இல் பிறந்த பொன்ஜீன், 1840களின் பிற்பகுதியில் தமிழகம் வந்து, கோயம்புத்தூர்ப் பகுதியில் குருப்பணியாற்றினார். 1850களின் நடுப்பகுதியில் யாழ்ப்பாணம் சேர்ந்து, அமலமரித் தியாகிகள் சபையில் இணைந்தார். அக்காலத்திலேதான் தமிழகத் தொழிலாளரும் மலைநாட்டுக் கோப்பித் தோட்டங்களை நாடி ஆயிரக்கணக்கிற் கடல் கடந்தனர். 1868இல் யாழ்ப்பாணத்து ஆயரான அவர், 1883இல் கொழும்புக்கு மாற்றம் பெற்றார். 1886இல் திருச்சபை ஆட்சிமுறை நிறுவப்பட்டபோது கொழும்பின் முதற் பேராயரானார்.

1860களின் தொடக்கத்தில் அவர் கல்வி பற்றி எழுதிய கடிதங்களின் சாரம் இதுவே: பிள்ளைக்கு எத்தகைய கல்வி வேண்டும் எனத் தீர்மானிப்போர் பெற்றோரே, வரிப்பணத்திற் பங்குபெற ஒவ்வொரு சமயத்தார் பாடசாலைக்கும் உரிமையுண்டு. 1869இல் பொதுப் போதனைத் திணைக்களம் தோன்றியதும், சமயப் பாடசாலைகளுக்கு உதவி நன்கொடை வழங்கும் முறை வலுப்பெற்றது. அவ்வெற்றியில் அவர் வாதத்துக்குப் பெரும் பங்குண்டு.

ஆயின், அவ்வுரிமையைக் கையாளக் காணியும் பணமும் ஆலயமும் வேண்டும். கரையோரத்தாரும் யாழ்ப்பாணத்தாரும் இவற்றைப் பெற்றிருந்தனர். நுவரெலியா, அட்டன் தோட்டங்களிலோ நிலம் துரைக்குரியது. தொழிலாளி கங்காணியின் கடனுக்குட்பட்டவன். பிள்ளையின் கையும் கொழுந்துக் கூடைக்கு வேண்டப்பட்டது. பெற்றோர்க்கு உரிமை இருந்தும் அதனை நிலைநாட்டும் வலு இருக்கவில்லை. சமய நிருவாகத்திலும் இப்பகுதி 1883இல் உருவான கண்டிப் பிரிவில் சில்வெஸ்திரின் துறவியரின் பொறுப்பாயிற்று. பேராயரான பின் அப்பிரிவும் அவரது கொழும்பு உயர்மறைமாநிலத்துள் அடங்கினும், அவர் கட்டியெழுப்பிய பாடசாலைகள் பெரும்பாலும் வடக்கிலும் மேற்கிலுமே அமைந்தன.

பேராயர் 1892இல் மறைந்தார். தோட்டப் பிள்ளைகளுக்குப் பாடசாலை அமைக்குமாறு தோட்டத்தாரைக் கட்டாயப்படுத்தும் சட்டம் 1920இல் வந்தது. அதுவும் 6 முதல் 10 வயது வரையினர்க்கே. பாடசாலையை நடத்துவோரும் பிள்ளையின் உழைப்பை வேண்டிய முதலாளியரே. அரசு தோட்டப் பாடசாலைகளைப் பெருமளவிற் பொறுப்பேற்றது 1970களின் பிற்பகுதியிலேதான்.

எனவே, பொன்ஜீன் ஆண்டகையின் கொள்கை தவறானதன்று, குறையானது. அரசின் தனியாதிக்கத்தை மறுத்த அவர், தன் பிள்ளைக்குப் பாடசாலையைத் தெரிந்தெடுக்க இயலாத பெற்றோர்க்கு அரசே துணை என்பதைக் கருதினாரில்லை. கல்வியுரிமை ஏட்டில் இருந்தாற் போதாது. அதைக் கேட்டுப் பெறும் நிலையும் வேண்டும் என்பதே மலையக வரலாறு நமக்குப் புகட்டும் பாடமாகும்.