மூன்றரை நாள் நின்ற வண்டி: ஜொகானஸ்பர்க் வெடிமருந்து விபத்து, 1896

தங்கச் சுரங்கம் என்றவுடன் தமிழ் வாசகர் நெஞ்சில் முதலில் எழுவது கோலார். வட ஆர்க்காட்டுப் பக்கத்திலிருந்து மைசூர் நாட்டிற்குள் சென்று, நிலத்தின் அடியில் பாறை உடைத்தவர்களில் பெரும்பாலோர் தமிழர். அங்கே சுரங்கத் தொழிலாளர் பெரிதும் அஞ்சியது ஆழத்தின் அழுத்தம் தாங்காது பாறை தானே சிதறும் கொடுமையை. கோலார் வளர்ந்துவந்த அதே ஆண்டுகளில், தென்னாப்பிரிக்காவின் டிரான்ஸ்வால் குடியரசில் அதனினும் பெரியதொரு தங்க வயல் எழுந்தது. அவ்வயலின் தொடக்கக் காலத்தில் நேர்ந்த பேரிழப்பு, சுரங்கத்தின் உள்ளே நிகழ்ந்ததன்று. சுரங்கங்களுக்கென்று தருவிக்கப்பட்ட வெடிமருந்து, சுரங்கத்தைச் சென்று அடையுமுன்னரே, ஊர் நடுவே ஒரு புகைவண்டி நிலையத்தில் வெடித்தது. 1896ஆம் ஆண்டு பிப்ரவரி 19ஆம் நாள், புதன்கிழமை பிற்பகலில் ஜொகானஸ்பர்க் நகரின் பிராம்பான்டீன் நிலையத்தில் அது நடந்தது.

அந்நகரின் வயது அப்போது பத்தாண்டு நிரம்பவில்லை. 1886இல் விட்வாட்டர்ஸ்ராண்டு என்னும் மேட்டு நிலத்தில் தங்கம் இருப்பது தெரிந்தது. அதற்குமுன் அங்கே இருந்தவை சில பண்ணைகளும் புல்வெளியுமே. 1896ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அதே இடத்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் வாழ்ந்தனர். உலகின் நாற்புறத்திலிருந்தும் வந்து குவிந்த கூட்டம் அது. இவ்வளவு விரைவாக எழுந்த ஊரில் தெருவும் கடையும் மதுக்கடையும் முந்திக்கொண்டன. ஒழுங்கும் காவலும் பின்தங்கின.

ராண்டில் கிடைத்த தங்கத்தின் இயல்பை அறிந்தால்தான் வெடிமருந்தின் கதை விளங்கும். ஆற்று மணலில் அரித்து எடுக்கும் தங்கம் அன்று அது. கூழாங்கற்கள் இறுகிப் பாறையாகிவிட்ட படிவத்தில், கண்ணுக்குப் புலப்படாத துகளாகக் கலந்து கிடந்தது. படிவம் மைல் கணக்கில் நீண்டு கிடந்தது. ஆனால் ஒரு டன் பாறையிலிருந்து சராசரியாக ஓர் அவுன்சுத் தங்கம்கூடத் தேறாது. ஆகவே அங்கே இலாபம் என்பது பாறையை மலை மலையாக உடைப்பதில் இருந்தது. 1890ஆம் ஆண்டையொட்டி சயனைடு முறை வந்து, ஆழத்துப் பாறையிலிருந்தும் தங்கத்தைப் பிரித்தெடுக்க வழி பிறந்தது. அதன்பின் சுரங்கங்கள் மேலும் மேலும் கீழிறங்கின. சம்மட்டியும் உளியும் கொண்டு பாறையில் துளையிடுவார்கள். துளைக்குள் தோட்டாவைச் செருகித் திரி வைப்பார்கள். வெடித்த பின் சிதறிய கல்லை வாரிக்கொண்டு மறுபடியும் துளையிடுவார்கள். வெடிக்காமல் பாறைக்குள் தங்கிவிட்ட தோட்டாவின்மீது மறுநாள் உளி பட்டு மாண்டவர் பலர். இத்தொழிலின் பெரும்பகுதியைச் செய்தவர் ஆப்பிரிக்கர். அவர்களுள்ளும் போர்த்துகீசியர் ஆட்சியிலிருந்த மொசாம்பிக்கிலிருந்து வந்தோர் மிகுதி. சோறும் நீரும் போல அச்சுரங்கங்களுக்கு வெடிமருந்து அன்றாடம் வேண்டியிருந்தது.

அந்த வெடிமருந்து எத்தகையது? 1847இல் இத்தாலியின் டூரின் நகரில் அஸ்கானியோ சொப்ரேரோ என்னும் வேதியியல் அறிஞர் நைட்ரோகிளிசரின் என்ற எண்ணெயைக் கண்டார். கண்டவரே அதனைக் கண்டு அஞ்சினார். சிறு அதிர்ச்சிக்கும் வெடிக்கும் பொருள் அது. சுவீடன் நாட்டு ஆல்பிரட் நோபெல் அதனைத் தொழிலுக்குப் பயன்படுத்த முற்பட்டார். 1864இல் ஸ்டாக்ஹோமில் அவருடைய ஆலை வெடித்தபோது தம் தம்பி எமிலையே இழந்தார். பின்னர் ஒருவகை நுண்மண்ணில் அவ்வெண்ணெயை ஊறவைத்து, 1867இல் டைனமைட்டு என்னும் பெயரால் காப்புரிமை பெற்றார். 1875இல் அதனினும் வலிய ஒன்றைக் கண்டார். நூற்றில் தொண்ணூறு பங்குக்கு மேலான நைட்ரோகிளிசரினில் நைட்ரோ பஞ்சைக் கரைத்து, பாகுபோல் இறுகச் செய்தது அது. ஜெலட்டின் என்று சுரங்கத்தார் வழங்குவது இதனையே. நன்கு செய்து, குளிர்ந்த இடத்தில் வைத்து, முறையாகக் கையாண்டால் அதனைத் தொலைதூரமும் கொண்டுசெல்லலாம். வெப்பத்தில் நெடுநேரம் கிடந்தாலோ, உள்ளிருக்கும் எண்ணெய் வியர்வைபோல் கசிந்து வெளிவரும். கசிந்து வந்தபின் அது பழைய நைட்ரோகிளிசரினேயாகும். ஒரு தட்டலுக்கும் பொறுக்காது.

பிராம்பான்டீனில் வெடித்தது இந்த ஜெலட்டின்தான். எட்டோ பத்தோ சரக்குப் பெட்டிகள் கொண்ட ஒரு வண்டித்தொடர் அதனைச் சுமந்து வந்தது. அதன் நிறை 56 முதல் 60 டன் வரை என்று கூறுவர். பிப்ரவரி 16ஆம் நாள் ஞாயிற்றுக்கிழமை அதனைப் பக்கத் தண்டவாளமொன்றில் தள்ளி நிறுத்தினார்கள். அங்கேயே அது மூன்றரை நாள் நின்றது. பிப்ரவரி என்றால் பனிக்காலம் என்று மாணவர் எண்ணிவிடக்கூடும். நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே அது கோடை. பகலெல்லாம் வெயில் காய்ந்தது. சுற்றிலும் மற்ற வண்டிகள் வருவதும் போவதுமாக இருந்தன. சற்றுத் தொலைவில் அடுப்புகள் எரிந்தன, குழந்தைகள் விளையாடினார்கள்.

ஏன் அவ்வளவு நாள் நின்றது என்ற கேள்வியே இவ்வரலாற்றின் உயிர். வெடிமருந்தைப் பாதுகாப்பாக வைக்க ஊருக்கு வெளியே கிடங்குகள் உண்டு. அங்கே கொண்டு சேர்த்திருக்க வேண்டும். உரிய காலத்தில் அது நடைபெறவில்லை. நிலையம் புகைவண்டிக் குழுமத்துக்கு உரியது. வெடிமருந்து வாணிகமோ வேறொரு குழுமத்தின் கையில் இருந்தது. நகரின் காவல் அரசினுடையது. மூவருக்கும் பொறுப்பு உண்டு என்னும்போது, ஒருவரும் பொறுப்பேற்காமல் நாள் கழிவது உலக வழக்கம். இங்கு ஞாயிறு கழிந்தது, திங்கள் கழிந்தது, செவ்வாயும் கழிந்தது.

வெடிமருந்து வாணிகம் ஒரே குழுமத்தின் கையில் சேர்ந்த கதையும் சொல்லத்தக்கது. 1887இல் குருகர் தலைமையிலான டிரான்ஸ்வால் அரசு, எட்வர்டு லிப்பெர்ட்டு என்பவர்க்கு வெடிமருந்துத் தனியுரிமை வழங்கியது. உள்நாட்டிலேயே ஆலை அமைத்து, உள்நாட்டுப் பொருள் கொண்டு செய்ய வேண்டும் என்பது நோக்கம். குடியரசு தன் காலில் நிற்கவேண்டும் என்ற எண்ணம் அதில் இருந்தது. நடந்ததோ வேறு. மூலப்பொருள் என்ற பெயரில் முற்றுப்பெற்ற டைனமைட்டே வெளிநாட்டிலிருந்து இறங்கிற்று. புகார் வலுத்து, 1892இல் அவ்வுரிமை இரத்தாயிற்று. ஆயினும் மறு ஆண்டே புதிய உருவில் தனியுரிமை திரும்பி வந்தது. 1894இல் அதற்கென ஒரு குழுமம் அமைந்தது. ஒரு பெட்டி 85 ஷில்லிங்குக்கு விற்ற வெடிமருந்தைத் தடையின்றி இறக்குமதி செய்ய விட்டால் ஏறத்தாழப் பாதி விலைக்குப் பெறலாம் என்று சுரங்க முதலாளிகள் குமுறினர். ஆண்டுக்கு 6 லட்சம் பவுன் வீணாகிறது என்பது அவர்கள் கணக்கு. 1897இல் அரசே அமைத்த தொழில் விசாரணைக் குழுவும் இத்தனியுரிமையைக் கண்டித்தது.

இதில் ஒன்றைக் கூர்ந்து நோக்கவேண்டும். வெடிமருந்தைப் பற்றி ராண்டில் அந்நாளில் எழுந்த வாதம் பெரும்பாலும் விலையைப் பற்றியது. முதலாளிகள் விலையைப் பேசினார்கள். அரசினர் உரிமையைப் பேசினார்கள். ஊரின் நடுவே அது எவ்வாறு நிறுத்தப்படுகிறது, அருகே யார் குடியிருக்கிறார்கள் என்பது அந்த வாதத்தில் இடம்பெறவில்லை.

புதன்கிழமை பிற்பகல், சரக்கை இறக்க ஆட்கள் வந்திருந்தனர். அவ்வேளையில், பெட்டிகளை இணைத்துப் பிரிக்கும் ஷண்டிங் வண்டி ஒன்று வந்து அந்தத் தொடரின்மீது மோதிற்று. மோதல் பெரிதன்று, எந்த நிலையத்திலும் நாள்தோறும் பன்முறை நிகழ்வதே. மூன்றரை நாள் வெயிலில் நின்ற சரக்குக்கு அவ்வளவு போதுமாயிருந்தது.

நிலையம் இருந்த இடத்தில் 60 மீட்டர் நீளமும் 50 மீட்டர் அகலமும் 8 மீட்டர் ஆழமும் உள்ள பள்ளம் விழுந்தது. இரும்புத் தண்டவாளங்கள் கம்பிபோல் முறுக்குண்டன. வெடியோசை 200 கிலோமீட்டருக்கு அப்பாலும் கேட்டது. நகரில் கண்ணாடி உடையாத சாளரம் அரிது. நிலையத்தைச் சூழ்ந்த குடியிருப்புகள் தரைமட்டமாயின. வீடிழந்தோர் ஏறத்தாழ 3,000 பேர். கடுங்காயமுற்றோர் 200 பேருக்கு மேல்; மருத்துவமனையில் இரவு முழுதும் அறுவை நடந்தது. இறந்தவர் 70 பேருக்கு மேல் என்பர். சிலர் 78 என்று எண்ணுவர். உடல்கள் அடையாளம் காண முடியாதபடி சிதைந்து போயின. எவ்வீட்டில் எத்தனை பேர் இருந்தனர் என்ற பதிவும் ஏழைக் குடியிருப்பில் ஏது?

அங்கு வாழ்ந்தோர் யார்? பிராம்பான்டீன் நிலையத்தையொட்டி ‘செங்கற் சூளை வெளி’ என வழங்கிய பகுதி இருந்தது. நிலத்தை இழந்து பண்ணையை விட்டு நகருக்கு வந்த ஏழைப் போயர்கள் களிமண் தோண்டிச் செங்கல் அறுத்து வாழ்ந்த இடம் அது. போயர் என்போர் டச்சுக் குடியேறிகளின் வழிவந்த உழவர். நாட்டின் ஆட்சி அவர் இனத்தார் கையில்தான் இருந்தது. ஆனால் ஆள்வோரின் இனத்தவராய் இருந்தும் இவர்களுக்குக் கூரை தகரமே. அருகில் மலாய்க்காரர் குடியிருப்பும், ஆப்பிரிக்கர் குடில்களும் இருந்தன. தமிழரும் இருந்த இந்தியர் ஒதுக்கிடமும் நகரின் அதே மேற்குப் பக்கத்தில்தான் அமைந்திருந்தது. 1904இல் கொள்ளைநோயின்போது நகராட்சி தீயிட்டு அழித்தது அதனையே. செல்வர் வீடுகள் வடக்கே பார்க்டவுன் மேட்டை நோக்கி நகரத் தொடங்கிய காலம் அது. தங்கத்துக்கென்று வந்த மருந்து, தங்கத்தில் பங்கு பெறாதவர் வீடுகளின்மேல் வெடித்தது.

காலமும் கொடிய காலம். ஏழு வாரங்களுக்கு முன்னர்தான், 1896 ஜனவரி 2ஆம் நாள், ஜேம்சன் என்பவர் ஆயுதப் படையுடன் டிரான்ஸ்வாலுக்குள் நுழைந்து தோற்றுச் சரணடைந்திருந்தார். அவருக்கு உடந்தையாயிருந்த ஜொகானஸ்பர்க் பெருமக்கள் கைதாகியிருந்தனர். போயர் அரசுக்கும், ‘அயலார்’ என்று அது அழைத்த ஆங்கிலேயர் முதலியோருக்கும் இடையே பகை கொதித்துக்கொண்டிருந்தது. வெடி நேர்ந்ததும் அப்பகை சில நாள் அடங்கியது வியப்பே. சுரங்க முதலாளிகளும் கடைக்காரரும் பெருந்தொகை திரட்டினர். அரசும் தன் பங்கை அளித்தது. குடியரசுத் தலைவர் பால் குருகர் நேரில் வந்து காயமுற்றோரைப் பார்த்தார். பின்னர் பகை திரும்பிற்று. 1899இல் போராகவே மூண்டது.

வெடித்த அதே 1896ஆம் ஆண்டில், நகருக்கு வடகிழக்கே ஆளில்லாப் பரந்த வெளியில் மோடர்பான்டீன் வெடிமருந்து ஆலை இயங்கத் தொடங்கியது. ஐரோப்பாவிலிருந்து வேதியியலாரும், இத்தாலியின் அவிலியானா ஊரிலிருந்து தோட்டா சுருட்டப் பழகிய பெண்டிரும் அங்கே வந்தனர். ஆலையை ஊரிலிருந்து விலக்கிக் கட்டவேண்டும் என்பதை அரசும் குழுமமும் நன்கறிந்தே இருந்தன என்பதற்கு அந்த இடத்தேர்வே சான்று. அவ்வறிவு ஆலைக்குப் பயன்பட்டது. பக்கத் தண்டவாளத்தில் நின்ற வண்டிக்குப் பயன்படவில்லை. எனவே இதனை வெறும் தற்செயல் என்று வரலாற்று நூல்கள் ஒரு வரியில் தள்ளிவிடுவது பொருந்தாது. தனியுரிமை, போருக்குப் பின் ஆங்கிலேயர் ஆட்சியில் ஒழிந்தது. ஆலையோ பின்னர் உலகின் மிகப்பெரிய வெடிமருந்து ஆலைகளுள் ஒன்றாய் வளர்ந்தது.

பிராம்பான்டீன் இடுகாட்டில் இவ்வெடியில் மாண்டோர்க்கு நினைவுச்சின்னம் ஒன்று உண்டு. ஷண்டிங் வண்டி மோதியபோது பெட்டிகளின் அருகே நின்ற சுமை ஆட்களில், புதைப்பதற்கு உடல் என ஒன்று கிடைக்காதவரும் இருந்தனர்.