பிசின்

பிசுபிசுப்பு, பிசுக்கு, பிசின்: கையில் ஒட்டும் ஒன்றைச் சொல்லப் பிறந்த சொற்குடும்பம் இது. முருங்கை மரத்தில் வடிவதும் பிசின்தான், கிழக்கிலங்கையின் கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர்க் கரைகளில் பைபர் போட் ஒட்டுகிற ரெசினுக்குப் பாடநூல் தரும் பெயரும் பிசின்தான். இரண்டும் ஒன்றல்ல. முருங்கைப் பிசின் தண்ணீரில் ஊறிக் கொழகொழக்கும். மௌலூது வீட்டில் புகையும் சாம்பிராணி தண்ணீரில் கரையாது. ரெசின் இந்த இரண்டாவது சாதி. தமிழ் இரண்டையும் ஒரே சொல்லில் அடக்கிவிட்டது.

2004 சுனாமிக்குப் பின் இக்கரைகளுக்கு நிறைய பைபர் போட்கள் வந்தன. அவற்றில் பெரும்பாலும் இருப்பது கண்ணாடி இழையும் பாலியெஸ்டர் பிசினும். விலை கூடிய உறவுக்காரர் எபொக்சி. கிரேக்கத்தில் ‘எபி’ என்றால் மேல். ‘ஒக்சி’ ஆக்சிஜனைக் குறிக்கும். அடுத்தடுத்த இரு கரியணுக்களின் மேல் ஓர் ஆக்சிஜன் பாலம் போட்டதுபோல் உட்கார்ந்து, இறுக்கமான முக்கோண வளையமாகிறது. இறுகச் செய்யும் ஹார்ட்னர் கலந்ததும் வளையம் உடைந்து, மூலக்கூறுகள் வலைபோலப் பின்னிக்கொள்ளும். வலைக்காரர் ஊரில் இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

கெட்டியான எபொக்சிக்கு ஒரு குறை: மடக்கென்று வெடிக்கும். அதனால் திரவ ரப்பரைச் சிறிதளவு சேர்க்கிறார்கள். இறுகும்போது ரப்பர் நுண்மணிகளாகப் பிரிந்து, ஓடிவரும் வெடிப்பின் ஆற்றலை உறிஞ்சிவிடும். முந்திரிக்கொட்டை ஓட்டு எண்ணெயிலிருந்து எடுக்கும் கார்டனால் என்ற பொருளும் இப்போது எபொக்சி ஹார்ட்னர்களில் சேருகிறது. கைத்தோலை உரிக்கும் அதே எண்ணெய்தான்!

மரத்தில் வடிந்த பிசினுக்கு ஆலையில் சமைத்த பிசின் பெயரை மட்டும் கடன்பட்டிருந்தது. முந்திரி வழியாக இப்போது சரக்கும் வாங்குகிறது.