கீழூர் ஓட்டும் ஒரு டைம் அவுட்டும்

பி.காம் படிக்கிறவனுக்கு டிஸ்ட்ரிபியூட்டட் சிஸ்டம்ஸ் எதுக்குடா என்று நண்பர்கள் கேட்டார்கள். விருப்பப் பாடம், நேரம் ஒத்துவந்தது, சேர்ந்துவிட்டேன். அவ்வளவுதான் :-) தூரத்தில் இருக்கும் பல கம்ப்யூட்டர்கள் பேசிப்பேசி ஒரே முடிவுக்கு வரவேண்டும். நடுவில் செய்தி தாமதமாகலாம், தொலைந்தும் போகலாம். முதல் மூன்று வாரம் ஒன்றும் ஏறவில்லை. கடைசியில் புரியவைத்தது நம்ம ஊர் வரலாறுதான்.

பிரெஞ்சு இந்தியாவே சிதறிக் கிடந்த ஒன்று. புதுச்சேரியும் காரைக்காலும் இங்கே, மாஹே கேரளக் கரையில், ஏனாம் ஆந்திராவில், சந்திரநாகூர் வங்காளத்தில். எல்லாம் ஒரே நாளில் மாறவில்லை. சந்திரநாகூர் 1950லேயே இந்தியாவிடம் வந்துவிட்டது. 1954 ஜூனில் ஏனாம், ஜூலையில் மாஹே. அப்புறம் அக்டோபர் 18, கீழூர். புதுச்சேரி, காரைக்கால் மக்கள் பிரதிநிதிகள் 178 பேரில் 170 பேர் இந்தியாவோடு இணைய ஓட்டுப் போட்டார்கள், 8 பேர் எதிர்த்தார்கள். வகுப்பில் சொல்லித்தந்த 'டூ ஃபேஸ் கமிட்' முறையாக இருந்திருந்தால் ஒரே ஒரு 'முடியாது' போதும், எல்லாமே ரத்து! நல்லவேளை, இங்கே பெரும்பான்மை போதுமாக இருந்தது.

நவம்பர் 1 நிர்வாகம் கைமாறியது. ஆனால் ஒப்பந்தம் கையெழுத்தானது 1956 மே 28. பிரெஞ்சு நாடாளுமன்றம் ஒப்புக்கொண்டு அது நடைமுறைக்கு வந்தது 1962 ஆகஸ்ட் 16. கிட்டத்தட்ட எட்டு வருடம் ஆட்சி இந்தியாவுடையது, காகிதத்தில் மண் பிரான்சுடையது.

அடுத்துதான் டைம் அவுட். ஒரு கம்ப்யூட்டரிடமிருந்து பதில் வரவில்லை என்றால் அது செத்துவிட்டதா, மெதுவாக இருக்கிறதா என்று தெரியாது. அதனால் ஒரு கெடு வைப்பார்கள். கெடு தாண்டினால் மௌனத்துக்கு நாமே ஒரு அர்த்தம் கொடுத்துக்கொள்ள வேண்டியதுதான். அந்த ஒப்பந்தத்திலும் ஒரு கெடு உண்டு, ஆறு மாதம். இங்கே பிறந்து இங்கேயே குடியிருந்த பிரெஞ்சுக் குடிமக்கள், பிரெஞ்சுக் குடியுரிமையே வேண்டும் என்று அதற்குள் எழுதித் தராவிட்டால் இந்தியர். இங்கே பிறந்து வெளிநாட்டில் குடியிருந்தவர் எதுவும் எழுதித் தராவிட்டால் பிரெஞ்சுக்காரர்.

என் தாத்தா எழுதித் தரவில்லை. சொல்தாவாக பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர்ந்து வெளிநாட்டிலேயே தங்கிவிட்ட அவர் அண்ணனும் எழுதித் தரவில்லை. அந்த வீட்டுப் பிள்ளைகள் இப்போது பாரிஸில். தாத்தா வேண்டாமென்று விட்டாரா, கெடு இருப்பதே தெரியாமல் விட்டாரா? உயிரோடு இருந்தபோது யாரும் கேட்டு வைக்கவில்லை.

பரீட்சையில் டைம் அவுட் பற்றி 5 மார்க் கேள்வி வந்தது. தாத்தா பெயரைப் போடாமல் ஒன்றரைப் பக்கம் எழுதினேன்.