திருத்தணியும் பழைய கோப்புகளும்

எழுதி வைப்பது மனிதனின் பழைய பழக்கம். எழுதியதை எவ்வளவு நாள் வைத்திருப்பது என்பதுதான் தீராத கேள்வி. செப்பேடு, காகிதம், கணினி மூன்றும் இதற்கு வெவ்வேறு பதில் சொல்லியிருக்கின்றன.

1977-ல் திருத்தணிக்கு அருகிலுள்ள வேளஞ்சேரியில் பல்லவன் அபராஜிதனின் செப்பேடும், சோழன் முதலாம் பராந்தகனின் செப்பேடும் கிடைத்தன. ஆயிரம் ஆண்டு தாண்டியும் எழுத்து அழியவில்லை! ஆனால் செம்பு விலை அதிகம், இடமும் குறைவு. அதனால் தானம் போன்ற முக்கியமான செய்திகளை மட்டுமே வெட்டினார்கள்.

காகிதம் வந்ததும் நிலைமை மாறியது. எதையும் எழுதலாம் என்றானதும் அலுவலகங்களில் கோப்புகள் மலையாகக் குவிந்தன. சென்னை மாகாண அலுவலகங்கள் இதற்குக் கண்ட வழி, கோப்பை முடிக்கும்போதே அதன் ஆயுளையும் எழுதிவிடுவது. ஓ.மு. என்றால் ஓராண்டு, மூ.மு. என்றால் மூன்றாண்டு, ப.மு. என்றால் பத்தாண்டு. நிரந்தரமாக வைக்க வேண்டியவை தனி. தமிழக அரசுக் கடிதங்களின் தலைப்பில் இந்த எழுத்துகளை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

பழைய பதிவின் மதிப்பைத் திருத்தணி நன்றாகவே அறியும். 1911-ல் சித்தூர் மாவட்டத்தில் சேர்ந்த இந்த ஊர், 1953-ல் ஆந்திர மாநிலம் பிறந்தபோது அங்கே போனது. ம.பொ.சி.யின் தமிழரசுக் கழகம் போராடியது. பிறகு படாஸ்கர், கிராமத்தை அலகாக வைத்து, எந்த மொழி பேசுவோர் அதிகம் என்று பார்த்து எல்லையைப் பரிந்துரைத்தார். அதற்கு உதவியது 1951 மக்கள்தொகைக் கணக்கு. தாய்மொழி என்ன என்று வீடுவீடாகக் கேட்டு எழுதியவர்கள், அது ஒரு ஊரின் மாநிலத்தையே தீர்மானிக்கும் என்று நினைத்திருப்பார்களா? 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி சென்னை மாநிலத்தோடு இணைந்தது.

இப்போது கணினிக்கு வருவோம். 1980-களில் எரிக் ஆல்மன், சென்ட்மெயில் என்ற மின்னஞ்சல் மென்பொருளுக்காக சிஸ்லாக்கை எழுதினார். யார் வந்தார், என்ன பிழை நேர்ந்தது என்று சர்வர் தானே எழுதிக்கொள்ளும் நாட்குறிப்பு அது. விட்டுவிட்டால் வட்டு நிரம்பி சர்வரே நின்றுவிடும். அதனால் லினக்ஸில் லாக்ரொட்டேட் வந்தது. பழைய கோப்பை ஒதுக்கிவிட்டுப் புதியதைத் தொடங்கும், மிகப் பழையதை அழிக்கும்.

இதில் 'டெய்லி' என்றால் நாள் கணக்கு, 'சைஸ்' என்றால் அளவுக் கணக்கு மட்டும். 'டெய்லி'யோடு 'மேக்ஸ்சைஸ்' சேர்த்தால் இரண்டில் எது முந்துகிறதோ அது. ஆனால் லாக்ரொட்டேட் ஓடும் நேரத்தில்தான் அளவைப் பார்க்கும். தினம் ஒருமுறை ஓடினால், இடையில் கோப்பு எவ்வளவு பெருத்தாலும் அதற்குத் தெரியாது. மணிக்கொருமுறை ஓட வைக்க வேண்டும்.

அப்படி ஓட வைத்தாலும் ஒரு ஆபத்து உண்டு. 2022 ஏப்ரல் 28 அன்று இந்தியாவின் செர்ட்-இன் அமைப்பு, லாக்குகளை 180 நாள் காக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. 'ரொட்டேட் 180' என்று எழுதினால் போதும் என்று தோன்றும். ஆனால் அது 180 கோப்புகள், 180 நாட்கள் அல்ல! அளவு விதியும் சேர்ந்திருக்கும்போது ஒரு திருடன் பொய்க் கோரிக்கைகளைக் கொட்டினால், மணிக்கொரு கோப்பு மாறி எட்டே நாளில் 180-ம் தீர்ந்துவிடும். அவன் நுழைந்த தடயமும் அதோடு போய்விடும். எனவே அழிப்பதை எண்ணிக்கையிடம் விடாமல், 'மேக்ஸ்ஏஜ்' மூலம் வயதிடம் விட வேண்டும். அதற்கேற்ற இடமும் ஒதுக்க வேண்டும்.

அந்தக் கால குமாஸ்தா செய்ததும் இதுதான். அலமாரி நிரம்பியதா என்று பார்த்து அவர் ஆயுள் எழுதவில்லை, கோப்பில் என்ன இருக்கிறது என்று பார்த்து எழுதினார். இடம் போனால் வாங்கிவிடலாம், அழித்த பதிவை எந்த விலைக்கும் வாங்க முடியாது.